புதன்கிழமை போட்ட பொம்மைப் படம்

வீடியோ கேமை வைத்து எடுத்த பொம்மைப் படத்தைத் தியேட்டரில் போடலாமா, டிவியோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று யாராவது பேச ஆரம்பித்தால் நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். இப்போது அது பெரியவர்கள் காபி குடித்துக்கொண்டே பேசுகிற விஷயமாகிவிட்டது. எனக்கு வாய் கசக்கும். இதே கேள்வியை ஓசூரில் ஒரு புதன்கிழமை காலையில் கேட்டு, மத்தியானத்துக்குள் பதிலும் சொல்லி முடித்துவிட்டார்கள். அதைக் கெடுத்தவர்களில் நானும் ஒருத்தி. உண்மையைச் சொன்னால் முக்கால்வாசி நான்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் பிரிவில் இருந்தேன். என் வீட்டுக்காரர் இரும்பு உருக்கும் ஃபவுண்டரியில். பேரிகைப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் ராகி அறுத்துக்கொண்டிருந்த குடும்பங்களிலிருந்து யூனிஃபார்ம், கேண்டீன் சாப்பாடு, கம்பெனி பஸ் என்று வந்து சேர்ந்தவர்கள் நாங்கள். இந்த வாழ்க்கையைக் குறை சொன்னால் சோறு இறங்காது என்பார் என் வீட்டுக்காரர். எனக்கு நன்றாகவே இறங்கும்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எல்லா ஃபேக்டரியும் ஒன்றாக ஓடினால் கரண்ட் தாங்காது என்று அப்போது கம்பெனிக்குக் கம்பெனி வாரத்தில் வேறு வேறு நாள் லீவு விட்டார்கள். எங்கள் கம்பெனிக்கும் அக்கம்பக்கத்துப் பெரிய கம்பெனிகள் சிலவற்றுக்கும் புதன்கிழமை. ஃபவுண்டரிக்கு வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடத்துக்கு ஊர் உலகத்தில் இருக்கிறபடி ஞாயிற்றுக்கிழமை. ஆக எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை.

கேட்க வேடிக்கையாக இருக்கும். இருந்து பார்த்தால் தெரியும். எங்கள் தெருவில் கறிக்கடைக்காரர் புதன்கிழமைதான் இரண்டு ஆடு அறுப்பார். துணி ஊற வைப்பது, எண்ணெய் தேய்த்துக் குளிப்பது, கல்யாணத்துக்கு நாள் குறிப்பது வரை எல்லாம் புதன்கிழமையை வைத்துத்தான். ஒரு வருஷம் வேலை பார்த்தால் போதும், புதன் என்று யாரும் சொல்வதில்லை, லீவு என்றுதான் சொல்வோம். கெலவரப்பள்ளி டேம் எங்கள் வீட்டிலிருந்து எத்தனை தூரம்? டவுன் பஸ்ஸில் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடலாம். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒருநாளும் போனதில்லை. போகலாம் என்று பேசியதோடு சரி.

என் பையனுக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடம் நாலு மணிக்கு விடும். நான் வீடு வந்து சேர ஆறு ஆகும். வீட்டுச் சாவியைக் கறுப்புக் கயிற்றில் கோத்து அவன் கழுத்தில் மாட்டியிருந்தேன். ஒரு நாள் மெஷின் ரிப்பேர் என்று எங்களைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். ஐந்து மணிக்கு வந்து பார்த்தால் வீடு பூட்டியிருக்கிறது. தெருவில் விசாரித்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சந்தில் இருந்த வீடியோ கேம் கடையைக் கை காட்டினார்கள்.

உள்ளே நாலைந்து பெட்டிகள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒருவன் ஆட, அவன் முதுகுக்குப் பின்னால் பத்துப் பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் பையன் ஒரு சோடா கிரேட்டைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் ஏறி நின்று ஆடிக்கொண்டிருந்தான். திரையில் தலையில் டார்ச் கட்டிய ஒரு சின்னப் பையன் சுரங்கத்துக்குள் இறங்கிப் பாறைக்குப் பாறை தாவினான். அவன் தாவும்போதெல்லாம் என் பையன் வாயால் 'ஹப்... ஹப்' என்றான். அந்த விளையாட்டில் பேச்சு கிடையாது. பேச்செல்லாம் ஆடுகிறவன் வாயில்தான். நான் வாசலில் நின்று கத்தினேன்.

"வெளிய வாடா. அவனுக்கு மூணு உயிர் குடுத்திருக்காங்க, செத்துச் செத்து எந்திரிக்கிறான். எனக்கு ஒண்ணுதான்டா இருக்குது. அதையும் எடுத்துக்கினு போயிடு."

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முதுகில் ஒன்று வைத்து இழுத்து வந்தேன். பாதி வழியில் அவன் அழுதுகொண்டே சொன்னான்.

"வீட்ல கரண்ட் இல்லம்மா. இருட்டா இருந்துச்சு. பயமா இருந்துச்சு. அங்கன்னா ஜெனரேட்டர் இருக்குது."

ஆம்பளைப் பையனுக்கு என்னடா பயம் என்று அதற்கும் திட்டினேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. நின்றுகொண்டே வேலை செய்த கால் வலி ஒரு பக்கம், அத்தனை பேர் முன்னால் கத்திய வெட்கம் ஒரு பக்கம். இதை எழுதும்போது கை கூசுகிறது.

அடுத்த புதன்கிழமை அந்தக் கடைக்காரரிடம் போனேன், என் பையனை உள்ளே விடக்கூடாது என்று சொல்ல. அவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். என்னைப் பார்த்ததும் நாற்காலி போட்டார். சண்டைக்குப் போனவளுக்கு நாற்காலி போட்டால் என்ன செய்வது?

"அம்மா, உங்க பையன நான் இனிமே உள்ள வுடல. நீங்க எனக்கு ஒரு ஒதவி பண்ணணும். உங்க கொரல் வேணும்."

விஷயம் இதுதான். டார்ச் கட்டிய பையனின் விளையாட்டை வைத்து வெளிநாட்டில் ஒரு முழுநீளப் பொம்மைப் படமே எடுத்துவிட்டார்கள். பெங்களூரில் ஒருவர் தமிழுக்கு அதை வாங்கியிருந்தார். நம் கடைக்காரர் அவருக்குக் கூட்டு. மெட்ராஸிலிருந்து குரல் கொடுக்கிறவர்களைக் கூட்டிவர அவர்களுக்கு வசதி இல்லை. அந்தப் பையனுக்குக் குரல் தேடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் நான் கடை வாசலில் நின்று கத்தியிருக்கிறேன்.

என் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது பொம்பளைக் குரலும் இல்லை, ஆம்பளைக் குரலும் இல்லை. பத்து வயதுப் பையன் குரல். ராகிக் காட்டில் குருவி விரட்டிக் கத்திக் கத்தியே அப்படி ஆகிப்போனது. கம்பெனியில் நான் ஃபோனை எடுத்தால் "தம்பி, சூப்பர்வைசரக் கூப்பிடு" என்பார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்களில் இரண்டு பேர் என் குரலைக் கேட்டே எழுந்து போனார்கள். அப்படிப்பட்ட குரலை ஒருவர் வந்து கேட்கிறார். சும்மா பிகு பண்ணிக்கொண்டேன், அவ்வளவுதான். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். இது என் பையனுக்குத் தெரியக்கூடாது. அவன் தியேட்டரில் உட்கார்ந்து, அந்த டார்ச்சுப் பையன் வாயைத் திறக்கும்போது, அவனாகவே கண்டுபிடிக்க வேண்டும். பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். அவன் திரும்பி என்னைப் பார்க்க வேண்டும். நான் ஆசைப்பட்டது இவ்வளவுதான். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பொம்மைக்கு டப்பிங்கா?" என்று சிரித்துவிட்டுத் தூங்கப் போனார். அவர் மூலமாக விஷயம் வெளியே போகும் என்ற பயமே எனக்கு இல்லை. மறுநாளே மறந்துவிட்டார்.

ஐந்தாறு புதன்கிழமை பெங்களூருக்குப் போய் வந்தேன். மாடியில் ஒரு சின்ன அறை, சுவரெல்லாம் பஞ்சு. படத்தைத் துண்டு துண்டாகத் திரும்பத் திரும்பப் போடுவார்கள். பொம்மை வாய் திறக்கும்போது நானும் திறக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படத்தை வாங்கியவர் உட்கார்ந்திருப்பார். நான் "வந்துக்கினு இருக்கேன்" என்று சொன்னால் "வந்துகிட்டு" என்று திருத்துவார். நாலு தடவை திருத்திப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு விட்டுவிட்டார். எனக்கு வந்த வசனத்தில் பெரும்பாலும் கத்தல்தான். ஓடு, தாண்டு, குனி, வுடாத. அதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

கடைசித் துண்டில் மாட்டிக்கொண்டேன். அந்தப் பையன் சுரங்கத்தின் அடிக்குப் போய்ச் சேருகிறான். அங்கே இருட்டில் அவன் தம்பி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இவன் டார்ச்சை அவன் பக்கம் திருப்பிச் சொல்ல வேண்டியது மூன்று வார்த்தை.

"பயப்படாத. நான் வந்துட்டேன்."

நான் அதையும் கத்தினேன். மெதுவாகச் சொல்லுங்கள் என்றார். மெதுவாகக் கத்தினேன். எத்தனை தடவை போட்டார்கள் என்று எனக்கே தெரியாது. தொண்டை கட்டிக்கொண்டது. நேரமாகிறது, பஸ் போய்விடும் என்று கடுப்பில் நின்றபோது, திரையில் அந்தத் தம்பி உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தேன். கழுத்தில் சாவிதான் இல்லை. அதற்குப் பிறகு நான் சொன்னது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மெஷினை நிறுத்தச் சொன்னார். பிறகு, போதும், வீட்டுக்குப் போங்கள் என்றார்.

பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டேன். நேருக்கு நேராக அதை என் பையனிடம் சொல்ல எனக்கு வராது. என் வாய்க்கு அந்தப் பழக்கம் இல்லை. படத்தில் கேட்டுக்கொள்ளட்டும்.

டப்பிங் முடிந்து படப்பெட்டி வந்தது. தமிழுக்கு ஒரே ஒரு பிரிண்ட்தான் போட்டிருந்தார்கள். பெங்களூர்க்காரருக்கு இரண்டு மனம். கேசட் போட்டுக் கேபிள்காரர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போகலாமா, தியேட்டருக்குக் கொண்டுபோகலாமா என்று. அவருக்குப் பக்கத்தில் இருக்கிற தமிழ் ஊர் ஓசூர். இங்கே ஓடினால் தர்மபுரி, சேலம் என்று போகலாம், ஓடாவிட்டால் விட்டுவிடலாம் என்று முடிவு பண்ணினார். தியேட்டர் முதலாளியைப் பார்க்க அவரும் கடைக்காரரும் போனார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். குரல் கொடுத்தவள் என்று காட்டுவதற்காக இருக்கும்.

தியேட்டர் முதலாளி மூன்று மொழியிலும் படம் ஓட்டுகிறவர், மூன்று மொழியிலும் மறுப்புச் சொல்லத் தெரிந்தவர். பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பொம்மப் படத்துக்கு டிவி இருக்குதே. தியேட்டர்னா பாட்டு வேணும், ஃபைட்டு வேணும். பசங்க வந்து என் சீட்டுல ஏறிக் குதிக்கறதுக்கா நான் தியேட்டர் கட்டி வெச்சிருக்கேன்?"

கடைக்காரர் விடவில்லை. "சார், என் கடைல ஒருத்தன் ஆடறான், பத்துப் பேரு பின்னாடி நின்னு பாத்துக்கினு இருக்கான். ஆடறதுக்கு அவங்களுக்கு வழி இல்ல. பாக்கறதுக்குன்னே ஒண்ணு வந்தா வுடுவாங்களா?"

அது நல்ல பேச்சு. இன்றைக்கும் அதற்கு மேல் யாரும் நல்லதாகச் சொல்லி நான் கேட்டதில்லை. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. இருந்தாலும் நான் சொன்னேன்.

"டிவின்னா பசங்க தனியா ஒக்காந்து பாத்துக்குவாங்க சார். தியேட்டர்னா யாராச்சும் பெரியவங்க கூட்டிக்கினுதான் வரணும். அதுக்காகவே போடலாம்."

முதலாளி என்னை அப்போதுதான் பார்த்தார். யோசித்தார். மற்ற மூன்று காட்சியும் பெரிய படத்துக்கு, லீவு நாள் காலைக் காட்சி மட்டும் வேண்டுமானால் தருகிறேன் என்றார். அதற்கும் முதலில் ஒரு காட்சி இலவசப் பாஸ் கொடுத்து ஓட்டிப் பார்ப்பது. ஜனம் உட்கார்ந்து பார்த்தால் வாராவாரம் அந்தக் காலைக் காட்சி நமக்கு. எழுந்து போனால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

"எந்த நாள் போடலாம்? லீவு என்னிக்கும்மா?"

என்னைத்தான் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை.

"புதன்கிழம சார்."

"அதான், புதன்தான். எனக்கும் அன்னிக்குத்தான் கூட்டம்" என்றார் முதலாளி. கடைக்காரரும் தலையாட்டினார். அவர் கடையிலும் புதன்கிழமை காலையில்தான் கம்பெனி இளவட்டங்கள் மொய்க்கும். பெங்களூர்க்காரருக்கு எங்கள் ஊர் லீவெல்லாம் எங்கே தெரியும்? அவரும் சரி என்றார். குழந்தைகள் பார்க்க வேண்டிய படத்துக்குப் பள்ளிக்கூட நாளில் நாள் குறித்துவிட்டு, நான்கு பெரியவர்கள் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். வேறு எந்த ஊரிலாவது இப்படி நடக்குமா? நடக்காது. லீவு என்றால் ஞாயிற்றுக்கிழமை என்று நினைக்கிற ஊரில் நடக்காது.

அந்தப் புதன்கிழமை என் பையனுக்குக் கால் பரீட்சை. தலை வாரி, ஸ்கேல் பென்சில் எல்லாம் எடுத்து வைத்து அனுப்பினேன். இன்றைக்குப் பரீட்சை, எல்லாம் முடிந்த பிறகு ஒரு புதன்கிழமை மட்டம் போட வைத்துக் கூட்டிப்போகலாம் என்று எனக்குள் கணக்கு. என் பிள்ளைக்குப் பரீட்சை என்பது எனக்குத் தெரியும். அதே பரீட்சைதான் ஊர்ப் பிள்ளைகளுக்கும் என்பது மண்டையில் ஏறவில்லை. நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு தியேட்டருக்குப் போனேன்.

பாஸெல்லாம் கம்பெனி கேட்டுகளிலும் கேண்டீனிலும்தான் கொடுத்திருந்தார்கள். தியேட்டர் முக்கால்வாசி நிறைந்துவிட்டது. எல்லாம் ஆம்பளைகள். நைட் ஷிஃப்ட் முடித்துக் கண்ணெரிச்சலோடு வந்தவர்கள், லுங்கியோடு வந்தவர்கள், சும்மா கிடைத்தது என்று வந்தவர்கள். பால்கனியில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கீழே பார்த்தேன். ஒரு குழந்தையும் இல்லை. அப்போதும் ஏன் என்று பிடிபடவில்லை. குழந்தைகள் கடைசி நேரத்தில் வருவார்கள் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் தொடங்கியது. என் குரல் அவ்வளவு பெரிதாகச் சுவரில் மோதி வந்தது. முன்வரிசையில் ஒருவன், "டேய், நம்மூருப் பேச்சு பேசறான்டா" என்றான். சிரித்தார்கள். நல்ல சிரிப்புதான். அந்தப் பத்து நிமிஷம் நான் சந்தோஷமாக இருந்தேன், அதை மறைக்கவில்லை. பிறகு "பாட்டு எப்படா?" என்று ஒருவன் கேட்டான். ஒருவன் கொட்டாவியைச் சத்தமாக விட்டான். நைட் ஷிஃப்ட்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார்கள். பாதிப் படம் ஓடுவதற்குள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. வாரத்துக்கு ஒரு நாள் லீவு, அதில் பொம்மை சுரங்கத்தில் இறங்குவதை எதற்குப் பார்க்க வேண்டும்? அவர்களே ஆறு நாளும் அப்படித்தான் இறங்குகிறார்கள்.

யாரோ வெளியே போகிறவன் பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிட்டுச் சாத்தாமல் போனான். வெயில் உள்ளே வந்தது. கூடவே சத்தம் வந்தது. தியேட்டருக்குப் பின்னால் காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. பரீட்சை முடிந்து பிள்ளைகள் மைதானத்துக்கு வந்திருந்தார்கள். நூற்றுக்கணக்கில் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு சுவர்தான் நடுவில். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய்க் கதவைச் சாத்தவும் தோன்றவில்லை.

கடைசித் துண்டு வந்தபோது கீழே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பாதிப் பேர் தூக்கத்தில். "பயப்படாத. நான் வந்துட்டேன்" என்று என் குரல் அந்தக் காலி சீட்டுகளுக்குச் சொன்னது. நன்றாகத்தான் சொல்லியிருந்தேன். அதுதான் வயிற்றெரிச்சல். மோசமாக இருந்திருந்தால் அன்றோடு விட்டிருப்பேன்.

முதலாளி அறைக்கு ஓடினேன். பெங்களூர்க்காரர் ஏற்கெனவே பெட்டிக்குக் கயிறு கட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சார், பசங்க எல்லாம் ஸ்கூல்ல இருக்காங்க. நான்தான் தப்பா நாள் சொல்லிட்டேன். ஞாயித்துக்கெழம ஒரே ஒரு தடவ போடுங்க."

முதலாளிக்குக் கோபம் வரவில்லை. சிரிக்கவும் இல்லை. "ஞாயித்துக்கெழம போடறேன். உன் பையன யாரு கூட்டிக்கினு வருவாங்க?"

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை. என் வீட்டுக்காரருக்கும் வேலை.

"அப்போ மே மாசம் போடுங்க சார். பசங்களுக்கு லீவு."

"பசங்களுக்கு லீவு வுட்டா நீங்க எல்லாம் அவங்கள ஊருக்கு அனுப்பிடறீங்களே. இங்க யாரு இருப்பாங்க?"

லீவு விட்ட அன்றே என் பையனையும் பேரிகைக்கு அனுப்பிவிடுகிறவள்தான் நான்.

"நீதானம்மா சொன்ன, பெரியவங்க கூட்டிக்கினு வரணும்னு. இந்த ஊர்ல பெரியவங்களும் பசங்களும் ஒண்ணா சும்மா இருக்கற நாள் ஒண்ணு சொல்லு. நான் போடறேன்."

அவர் குதர்க்கமாகச் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொன்னார். கடைக்காரர் மட்டும் என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். "வுடும்மா, யாருக்குத்தான் தோணுச்சு?" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த வாரம் முழுக்க நான் கம்பெனியில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கேட்டவர்களிடம் தொண்டை கட்டிவிட்டது என்று சொன்னேன்.

படம் கேசட்டாகக் கேபிள்காரர்களுக்குப் போனது. எங்கள் தெருவுக்கும் அந்த வருஷம்தான் கேபிள் வந்திருந்தது. கேபிள்காரன் எதை எப்போது போடுவான் என்று அவனுக்கே தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் காயில் சுற்றிக்கொண்டிருந்தபோது, அதைப் போட்டிருக்கிறான்.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வந்தால், பையன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். முகமெல்லாம் பூரிப்பு.

"அம்மா, இன்னிக்கு டிவில நம்ம டார்ச்சுக்காரன் படம் போட்டாங்க. பக்கத்து வீட்டுப் பசங்க எல்லாம் நம்ம வீட்லதான் பாத்தாங்க."

செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டேன். "எப்படிடா இருந்துச்சு?"

"படம் சூப்பர்மா. அவன் பேசறதுதான் நல்லாவே இல்ல. ஒரே கத்தலு. அப்படியே நீ திட்டற மாதிரியே இருந்துச்சு. பசங்க எல்லாம் ‘டேய், உங்கம்மாடா'ன்னு சிரிச்சாங்க. அதான் சத்தத்த சுத்தமா கொறச்சிட்டோம். நாங்களே பேசிக்கினோம்."

அவன் என்னை ஏறிட்டுப் பார்த்தான். கோபித்துக்கொள்வேனோ என்ற பயம்தான் கண்ணில் இருந்தது. கண்டுபிடித்தவன் பார்வை இல்லை அது. அவன் காது கண்டுபிடித்திருந்தது, அவன் அதை வெறும் கேலி என்று நினைத்துக்கொண்டான்.

நான் உள்ளே போய் அரிசியைக் களைந்து உலையில் போட்டேன். அவன் பின்னாலேயே வந்து கதை சொன்னான். எந்தப் பாறையில் எப்படித் தாவினான், எங்கே விழப் பார்த்தான் என்று ஒன்று விடாமல் சொன்னான். முடிக்கிறவரை பொறுத்திருந்து கேட்டேன்.

"கடைசில தம்பியக் கண்டுபிடிச்சானே. அப்ப என்னடா சொன்னான்?"

"தெரியலம்மா. சத்தம் வெக்கலையே. நாங்க ‘கேம் ஓவர்'னு கத்திட்டு வெளயாடப் போயிட்டோம்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயில்தான் இருந்தது, மூன்று வார்த்தை. அன்றைக்கும் கரண்ட் போய்விட்டது. அடுப்பு வெளிச்சத்தில் அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நான் சொன்னது வேறு.

"போய் மெழுகுவத்தி எடுத்துட்டு வாடா. எத்தன தடவ சொல்றது?"